பூர்போனில் ஆறாத சோறு

எரிமலை விழித்திருக்கும் நாள்களில் அந்தத் தீவில் சோற்றுக்கு நினைவு வந்துவிடும். பூமியின் எந்த மூலையிலாவது ஒருவர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு இன்னொருவரை நினைத்துக்கொண்டிருந்தால், நினைக்கப்படுகிறவரின் தட்டில் சோறு ஆறாது. கடைசிப் பருக்கை வரை ஆவி பறந்துகொண்டே இருக்கும். நினைக்க ஆளில்லாதவரின் சோறு, உலையிலிருந்து நேரே வடித்துக் கொட்டியதாகவே இருந்தாலும், மேசையைத் தொட்டதும் கிணற்றடிக் கல்லைப் போலக் குளிர்ந்துவிடும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று அங்கே எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் ஆச்சரியமாக இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தத் தீவுக்கு வரைபடத்தில் வேறு பெயர். புதுச்சேரிப் பெரியவர்கள் பூர்போன் என்றே சொல்லிப் பழகியதால் நானும் அப்படியே சொல்கிறேன். கரும்பு வெட்ட நம் சனங்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டு போன தீவு. அதைப் பார்க்காமலேயே அதைப் பற்றி ஒரு துண்டறிக்கை எழுதியவன் நான். என் பெயர் வீரபத்திரன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்ட பிறகு நாலு பக்கத் துண்டறிக்கைகளைப் படித்தே உலகத்தைக் கற்றுக்கொண்டேன். பிறகு அதே நாலு பக்கத்தில் முன்னூறுக்கு மேல் எழுதினேன். மில்லில் நூற்றுப் பதினோரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினேன். மூன்று முறை சிறை, ஒரு முறை மண்டை உடைப்பு. சந்தேகமிருந்தால் மில் தொழிலாளர்களைக் கேட்கலாம். இப்போது மில்லும் இல்லை, தொழிலாளர்களில் பாதிப் பேரும் இல்லை என்பது வேறு விஷயம்.

என் மனைவி தனபாக்கியத்தின் தங்கை மகள் குமுதினி அந்தத் தீவில் நர்ஸாக இருக்கிறாள். "பெரியம்மா, ஒருதரம் வந்து பத்து நாள் ஓய்வா இருந்துட்டுப் போங்க" என்று டிக்கெட் அனுப்பினாள். டிக்கெட் பெரியம்மாவுக்கு. பெரியம்மா தனியாக விமானம் ஏறமாட்டாள் என்பதால் எனக்கும் ஒன்று. நாற்பது வருடம் ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தவன், ஒருத்தியின் பயணத்தோடு சேர்த்துக் கட்டிய பெட்டியைப் போல, இரண்டு விமானம் மாறி அந்தக் கறுப்பு மணல் கரையில் போய் இறங்கினேன்.

குமுதினி வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. "இங்க வந்தும் பெரியம்மா அடுப்பாண்ட நிக்கணுமா?" என்று கேட்டு, தினமும் மத்தியானம் எங்களை ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போனாள். முதல் நாள் கடற்கரை உணவகம். ஓலைக் கூரை, மரப் பலகை மேசை, அலை வந்து கறுப்பு மணலைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு அது வெளுக்காது என்று தெரிந்து திரும்பிப் போகும் சத்தம். நரைத்த மீசைக்காரர் ஒருவர் சோறும், அங்கே காரி என்று சொல்லும் மீன் குழம்பும், தக்காளியும் இஞ்சியும் மிளகாயும் நசுக்கிய ருகாய் என்ற துவையலும் கொண்டுவந்து வைத்தார். வைத்த கையோடு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, பார்க்காமலேயே, ஒரு ரொட்டிக் கூடையை எனக்கும் தனபாக்கியத்துக்கும் நடுவில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

நான் மீனில் முள் எடுத்து முடிப்பதற்குள் என் சோறு சில்லிட்டுப் போயிருந்தது.

"இன்னா குமுதினி, பழைய சோத்தைப் போட்டிருக்கான்?"

"பெரியப்பா, தட்டைப் பாக்காதீங்க. இங்க அது மரியாதை இல்ல."

"என் தட்டை நான் பாக்கறதுல இன்னா மரியாதைக் குறைச்சல்?"

அப்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். சந்தையில் கத்திரிக்காய் விலை சொல்வதைப் போலச் சொன்னாள். மலை இந்த மாதம் விழித்திருக்கிறது, அதனால் சோறு இப்படித்தான் இருக்கும், மலை தூங்கிவிட்டால் எல்லோர் தட்டும் ஒன்றுபோல ஆகிவிடும் என்றாள்.

"அப்படின்னா என்னுது எப்படி ஆறும்?" என்றேன். "நூத்துப் பதினோரு நாள். எண்ணூறு குடும்பம். ஒருத்தன் கூடவா நினைக்கமாட்டான்?"

"போற போக்குல நினைச்சா பத்தாது பெரியப்பா. கையில இருக்கறதைக் கீழ வெச்சிட்டு நினைக்கணும்."

அவள் தட்டில் மெல்லிய ஆவி இருந்தது; வேளாவேளைக்கு அவள் மருந்து எடுத்துக் கொடுக்கிற நோயாளிக் கிழவி யாராவது நினைத்துக்கொண்டிருப்பாள் என்று சொல்லிச் சிரித்தாள். என்னை நினைக்கவில்லையென்றால் தனபாக்கியத்தை மட்டும் யார் நினைத்துவிடப் போகிறார்கள் என்று நான் ரொட்டிக் கூடையை ஒதுக்கிவிட்டு அவள் தட்டைப் பார்த்தேன். அதுவும் ஆறித்தான் கிடந்தது. மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனாலும் பார்வையை எடுக்காமல், இவளுக்கு யார் இருக்கிறார்கள், தங்கையா, செத்துப்போனாள், தம்பியா, அவனுக்குத் தன்னையே நினைக்க நேரமில்லை, வேறு யார், யாராவது இருப்பார்களோ என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, சோற்றுக்கு நடுவில் ஒரு நூல் போல ஆவி எழுந்து, நூல் திரியாகி, திரி கயிறாகி, அவள் மூக்குக் கண்ணாடியை மூடியது.

தனபாக்கியம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். "சூடா இருக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். பிறகு என் வாழ்நாளில் அவளிடம் நான் பார்த்திராத ஒரு நிதானத்தோடு, ஒவ்வொரு கவளத்தையும் ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.

தீவுக்காரர்கள் இதோடு வாழக் கற்றுக்கொண்டு பல வருடங்களாகின்றன என்று அடுத்தடுத்த நாள்களில் தெரிந்துகொண்டேன். ஒரு மார்கழியில் எரிகுழம்பு சாலையைக் குறுக்காகக் கடந்து கடலில் இறங்கியதாம். அன்று மத்தியானத்திலிருந்து இப்படி. முதல் வருடம் கலவரம். கல்யாணங்கள் நின்றன, பங்காளிகள் பிரிந்தார்கள், ஒரு பாதிரியார் தன் தட்டு கொதித்ததைக் கண்டு திருச்சபையை விட்டு விலகினார். இரண்டாம் வருடம் சட்டங்கள் வந்தன. நகரசபை கூடி, பிறர் தட்டை உற்றுப் பார்ப்பது அநாகரிகம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கிய மேயர் அன்றிலிருந்து பொது இடத்தில் சோறே சாப்பிடுவதில்லை, ரொட்டிதான் சாப்பிடுகிறார், ரொட்டிக்கு நினைவு கிடையாது. மூன்றாம் வருடம் பழக்கமாகிவிட்டது. பரிமாறுகிறவர்கள் தட்டை வைத்ததும் முகத்தைத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். கணவன் மனைவிக்கு நடுவில் ரொட்டிக் கூடை வைக்கும் வழக்கம் வந்தது. கல்யாணத் தரகர்கள் பையில் இரண்டு தட்டோடு அலையத் தொடங்கினார்கள். செத்தவர்களுக்குப் படைத்த சோறு எப்போதும் போல ஆறியதால் கோயில்களுக்குச் சங்கடம் வரவில்லை. பாரிஸிலிருந்து வரும் சுற்றுலாக்காரர்கள் மட்டும் ஆறின சோறு போட்டதாகச் சண்டை பிடித்தார்கள். அதற்காக எல்லா உணவகத்திலும் உணவுப் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: சோறு ஆறினால் நிர்வாகம் பொறுப்பல்ல. நிர்வாகம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கை துடிக்கும். ஆனால் அந்த வரிக்கு எதிராக என்ன கோரிக்கை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கரும்புக் காட்டோரம் ஒரு தகரக் கொட்டகை உணவகம். என் தட்டு ஆறியது, தனபாக்கியத்தின் தட்டு கொதித்தது. அதற்கு மறுநாள் அருவிக்குப் பக்கத்தில், வனிலா போட்டு வாத்துக்கறி சமைக்கும் இடம். என் தட்டு ஆறியது, அவள் தட்டு கொதித்தது. நான் இரண்டு தட்டையும் மாற்றிப் பார்த்தேன். கொதித்தது என் கைக்கு வந்ததும் ஆறியது, ஆறினது அவள் கைக்குப் போனதும் கொதித்தது. "சின்னப் பையன் மாதிரி இன்னாங்க இது" என்றாள் அவள்.

யார்? ஒரு சங்கத்துக்குள் நிர்வாகத்தின் ஆள் புகுந்துவிட்டான் என்று தெரிந்தால் நான் என்ன செய்வேனோ அதையே செய்தேன். பெயர்களை வரிசைப்படுத்தினேன், ஒவ்வொன்றாக அடித்தேன், கடைசியில் ஒரு பெயர் நின்றது: மரியநேசன். நூற்றுப் பதினோரு நாளும் எங்கள் மேடையில் பாட்டுப் பாடியவன், பிறகு எங்களைப் பிளந்துகொண்டு எதிர்ச் சங்கம் வைத்தவன். வேலைநிறுத்தத்தின்போது மில் வாசலில் நாங்கள் கஞ்சித் தொட்டி திறந்திருந்தோம். பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு அங்கேதான் கஞ்சி. தனபாக்கியம்தான் அகப்பை பிடித்தாள். அந்தப் பாவி ஒருநாள் ஒலிபெருக்கியில், எண்ணூறு குடும்பத்துக்கு முன்னால், "அண்ணி கை பட்டா கஞ்சியும் பாயசம் தோழர்களே" என்று சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முப்பத்தெட்டு வருடம் கழித்து, வேறொரு கடலுக்கு நடுவில், ஒரு வாத்துக்கறிக்கு முன்னால் அந்தச் சிரிப்பு என் தொண்டையில் முள்ளாக நின்றது.

நாலாம் நாள் எனக்கு ஆதாரமே கிடைத்தது. மலைக்கிராமம் ஒன்றில் பருப்புக்குப் பேர் போன ஓர் உணவகம். சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே நாலு பெண்கள் ஒன்பது மணி நேரமாக நின்றபடியே வேலை செய்கிறார்கள், உட்கார ஒரு முக்காலி கூட இல்லை என்று குமுதினி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நான் எழுந்து உள்ளே போனேன். குமுதினி மொழிபெயர்க்க, நான் பேசினேன். எட்டு மணி நேர வேலைக்காக உலகத்தில் யார் யார் ரத்தம் சிந்தினார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பழைய குரல் வந்தது, பழைய கை வந்தது, என்னையே மறந்தேன், எல்லாவற்றையும் மறந்தேன். அந்தப் பெண்கள் கரண்டியைப் பிடித்தபடி மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் மூத்தவள் ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றாங்க?"

குமுதினி தயங்கினாள். "ஐயாவை உக்காரச் சொல்லு, அந்தம்மா சோறு ஆறிப்போச்சுன்னு சொல்றாங்க."

திரும்பி வந்து பார்த்தால் உண்மைதான். தனபாக்கியத்தின் தட்டில் ஆவி இல்லை. அவள் கரண்டியைத் தட்டோரம் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்காகக் காத்திருந்ததாகத்தான் நினைத்தேன். நான் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தேன். இங்கே பன்னிரண்டரை, புதுச்சேரியில் மணி இரண்டு. உண்ட மயக்கத்தில் தூங்கிவிட்டான் மரியநேசன்! நான் அவள் தட்டை முறைத்தேன். மெல்ல ஆவி எழுந்தது. விழித்துக்கொண்டான்! இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? நீதிமன்றத்தில் இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்து என்னை ஆறு மாதம் உள்ளே போட்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து குமுதினிக்குப் பகல் வேலை. அதனால் எங்களைத் தமிழ் தெரிந்த ஓர் உணவகத்தில் விட்டுவிட்டுப் போனாள். அதை நடத்துகிறவள் காரைக்காலில் செல்லக்கண்ணுவாகப் பிறந்து, பதினெட்டு வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டு, மதாம் செலினாக மாறியவள். தோட்டத்து மாமரத்தடியில் எட்டு மேசை. காரமான கோழிக் காரி, சௌசௌ கூட்டு, மாங்காய்த் துவையல். வாய் ஓயாது. தனபாக்கியத்தை வந்த அன்றே "அக்கா" ஆக்கிவிட்டாள், என்னை "அண்ணே" ஆக்கிவிட்டாள். அவள் மட்டும் மற்றவர்களைப் போல முகத்தைத் திருப்பமாட்டாள்; தட்டுகளை நேராகவே பார்த்தாள், வைத்தியர் நாக்கைப் பார்ப்பதைப் போல.

"நீங்க சோறு சாப்பிடமாட்டீங்களா?" என்று தனபாக்கியம் அவளைக் கேட்டாள்.

"சமைக்கிறவங்க இந்தத் தீவுல ரொட்டிதாங்க்கா. நம்ம கதையை நாமளே எதுக்குப் பாத்துக்கிட்டு?"

மூன்று நாள் அங்கே சாப்பிட்டோம். மூன்று நாளும் எனக்கு ஆறின சோறு, தனபாக்கியத்துக்கு ஆவி பறக்கும் சோறு. அவளோ நாளுக்கு நாள் இளைப்பாறிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு மினுமினுப்பு. மாமரத்தைப் பார்ப்பாள், அணில் இல்லாத ஊர் என்பாள், மறுபடி சோற்றை ஊதுவாள். அந்த மினுமினுப்பு என்னை அறுத்தது. அங்கே போன நாலாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் தட்டு கொதிக்கும் அந்த நிமிடத்திலேயே மரியநேசனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, என் தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு மாமரத்துக்கு மறுபுறம் போய், பழைய தோழர் ஒருவரிடம் வாங்கி வைத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

"அலோ, யாருய்யா?"

"நான்தான். வீரபத்திரன்."

"எந்த வீரபத்திரன்? அடப்பாவி, நீயா? இன்னும் இருக்கியா?"

"இப்ப இன்னா பண்ணிட்டிருந்த? உண்மையைச் சொல்லு. யாரை நினைச்சிட்டிருந்த?"

"காலையில கடவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்து ஒக்காந்திருக்கேன்யா. பல்லைத்தான் நினைச்சிட்டிருந்தேன்."

"தனபாக்கியத்தை நினைக்கல?"

"அது யாரு?"

"என் பொண்டாட்டிடா!"

"ஓ, அண்ணியா! அண்ணி பேரு தனபாக்கியமா? நல்ல பேரு. எனக்கு அண்ணின்னுதானே தெரியும்." அப்புறம் அவன் குரல் மாறியது. "இதைக் கேக்கறதுக்கா முப்பத்தெட்டு வருஷம் கழிச்சுப் போன் பண்ண? ஏன்யா, உன் நோட்டீஸ்ல என்னை நிர்வாகத்தின் வளர்ப்பு ஆட்டுக்குட்டின்னு எழுதினியே, ஞாபகம் இருக்குதா? இன்னிக்கும் என் பேரனை இஸ்கூல்ல குட்டின்னுதான்யா கூப்பிடறானுங்க! பல்லு வலியை விட அது வலிக்குதுய்யா!"

அவன் திட்டத் தொடங்கினான். ஒரு பல் குறைந்த வாயால் நாற்பது வருடக் கதையைத் திட்டினான். திட்டத் திட்ட, என் கையிலிருந்த தட்டு சுட்டது. குனிந்து பார்த்தேன். என் சோற்றில் ஆவி. எண்ணூறு குடும்பத்துக்காகக் கத்தினேன், முன்னூறு துண்டறிக்கை எழுதினேன், மண்டையைக் கொடுத்தேன், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு என்னை நினைக்க இந்தப் பூமியில் ஒரே ஒருத்தன், அவனும் என் எதிரி, அவனுக்கும் அன்று பல் வலி. போனை வைத்த பிறகும் கால் மணி நேரம் தட்டு சுட்டுக்கொண்டே இருந்தது. அங்கே அவன் இன்னும் திட்டி முடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சோறு சூடாக இருந்ததால் சாப்பிட்டேன்.

செலின் மாமரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "அட, அண்ணன் தட்டுல ஆவி! யாருண்ணே, சொந்தமா?"

"எதிரி."

"எதிரின்னா என்ன? மலைக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது. இங்க ஒருத்தன் இன்னொருத்தன் படகைத் திருடிக்கிட்டுப் போயி, பறிகொடுத்தவன் புதுப் படகு கட்டுற வரைக்கும் ஆறு வருஷம் சுடச்சுடச் சாப்பிட்டான். அன்பா நினைச்சாலும் கொதிக்கும், வயிறெரிஞ்சு நினைச்சாலும் கொதிக்கும்." அவள் என் எதிரில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "இவ்வளவு படிச்சவங்க, அக்கா தட்டை வெச்சுக்கிட்டு மண்டையை உடைச்சுக்கிறீங்களே, நாலு நாளா பாக்குறேன். நீங்க கையலம்பப் போனா அக்கா தட்டு ஆறுது. திரும்பி வந்து முறைச்சா கொதிக்குது. இப்ப இங்க வந்து போன்ல உங்க சண்டையைப் போட்டீங்க, அங்க அக்கா தட்டு பச்சைத் தண்ணியா கிடக்குது. இன்னும் யாரைண்ணே தேடுறீங்க?"

தூரத்தில் மலையின் தலையில் புகை நின்றது. நாற்பத்தோரு வருட மணவாழ்க்கையில் அவளைப் பற்றி ஒரு முழு நாள் நான் நினைத்ததில்லை. இப்போது எட்டு நாளாக, கடலைப் பார்க்காமல், அருவியைப் பார்க்காமல், அந்த மலையையே நிமிர்ந்து பார்க்காமல், அவளை மட்டுமே நினைத்திருக்கிறேன்.

மேசைக்கு வந்தேன். தனபாக்கியம் ஆறின சோற்றை ஒரு கரண்டியால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"எது?"

"யாருன்னு."

"முதல் நாளே தெரியுமே. நீங்க பாத்தா சுடுது, திரும்பினா ஆறுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

அவள் மேற்கொண்டு பேசமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் பேசினாள். "கல்யாணமான நாள்லேருந்து தோழருங்க பந்தி முடிஞ்சு, உங்க பந்தி முடிஞ்சு, போலீஸ் வந்து தேடிட்டுப் போயி, அதுக்கப்புறம்தான் நான் தட்டு எடுப்பேன். எட்டு நாளா தெனம் சுடுசோறு சாப்பிடறேங்க. எதனால சுட்டா எனக்கு இன்னா?"

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். "என் தட்டு ஆறிக் கெடந்துதே. நீ எதிர்ல உக்காந்துகிட்டு என்னை ஒருதரம் கூட நினைக்கலியா?"

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். கொஞ்சம் யோசித்தே சொன்னாள். "இல்லீங்க. இங்க வந்ததுலேருந்து யாரையுமே நினைக்கல. அதுக்குத்தானே வந்தேன்."

பத்தாம் நாள், கடைசி நாள். குமுதினி விடுப்பு எடுத்து, மலையடிவாரத்தில், எரிகுழம்பு உறைந்து கிடக்கும் கறுப்பு வெளியின் விளிம்பில் இருக்கும் ஓர் உணவகத்துக்குக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் நான் நிமிர்ந்து நடந்தேன். மரியநேசன் ஒன்றுமில்லை, நான்தான் அந்த நெருப்பு. வேறு எவனும் இல்லை, நானே. ஒரு துண்டறிக்கைக்கான முதல் வரி கூட மனதில் ஓடியது. சோறு வந்தது, புகைபோட்ட கறி வந்தது, பருப்பு வந்தது. குமுதினி புகைப்படம் எடுக்க வாசலுக்குப் போனாள்.

தனபாக்கியத்தின் தட்டில் ஆவி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கயிறு திரியாயிற்று, திரி நூலாயிற்று. நூல் அறுந்தது.

நான் அவளைப் பார்த்தேன். பார்ப்பது போதவில்லை. சந்தேகம் போய்விட்டது, சந்தேகம் போனதும் அவளை நினைப்பதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. கஞ்சித் தொட்டியை நினைத்தேன்; மேடையில் நான்தான் நின்றேன். சிறை வாசலை நினைத்தேன். மாலையோடு நான்தான் வெளியே வந்தேன். எங்கள் கல்யாணத்தை நினைத்தேன். எட்டாம் நம்பர் துண்டறிக்கையை நான் பந்தியில் விநியோகித்ததுதான் ஞாபகம் வந்தது. எங்கே திரும்பினாலும் நானே நின்றுகொண்டிருந்தேன். என் தட்டும் ஆறிக் கிடந்தது. அவள் தட்டும் ஆறிக் கிடந்தது. இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தவளைப் போல, ஆறின சோற்றைப் பிசைந்து எடுத்து, ஊதாமல் வாயில் வைத்தாள்.

அந்த ஊதாத கவளத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"பாக்கியம்," என்றேன், "கஞ்சித் தொட்டி நடந்தப்போ எண்ணூறு குடும்பத்துக்கு ஊத்தினியே. நீ எப்போ சாப்பிட்ட?"

அவள் கை நின்றது. அவளுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு புதிது.

"நான் எங்க கஞ்சி குடிச்சேன்?" என்றாள். "எனக்குக் கஞ்சின்னாலே கொமட்டும்."

"அப்போ பட்டினியா?" நாற்பதாம் நம்பர் துண்டறிக்கையில் நான் எழுதியதே அதுதான்: தோழர்களே, என் மனைவியும் உங்களோடு பட்டினி.

"பட்டினி எதுக்கு? ரயில்வே கேட்டாண்ட நாகரத்தினம்னு ஒருத்தி விடியக்காலையில புட்டு அவிப்பா. நான் அவளுக்கு ரெண்டு குடம் தண்ணி இறைச்சுக் குடுப்பேன், அவ எனக்கு இலையில புட்டு வைப்பா. தேங்காப்பூ, சர்க்கரை போட்டு, சுடச்சுட. முதல் ஈடு எனக்குத்தான். நூத்துப் பதினோரு நாளும் சாப்பிட்டேன்." அவள் முகத்தில் அந்த மினுமினுப்பு வந்தது. "ரெண்டு பேரும் ஒக்காந்து சிரிச்சுக்கிட்டே இருப்போம்."

"எதுக்குச் சிரிப்பு?"

"எதுக்கோ."

"நூத்துப் பதினோரு நாளுமா? எனக்குத் தெரியாம? யாரு அந்த நாகரத்தினம்? இன்னா பேசிக்குவீங்க? என்னைப் பத்தியா?"

"உங்களைப் பத்தி இல்ல" என்றாள் தனபாக்கியம்.

என்னைப் பற்றி இல்லை. நான் எழுதியும் பேசியும் அடிபட்டும் வரலாறாக்கிய அந்த நூற்றுப் பதினோரு நாளுக்குள், நான் நுழையாத நூற்றுப் பதினோரு விடியற்காலைகள் இருந்திருக்கின்றன. அங்கே ஒரு பானை கொதித்திருக்கிறது, இரண்டு பெண்கள் சிரித்திருக்கிறார்கள், என் மனைவி சர்க்கரை ஒட்டிய விரலைச் சப்பியிருக்கிறாள், எனக்கு அதில் ஒரு பருக்கை இடமில்லை. யார் முதலில் சிரித்தது, கேட் மூடியிருந்தால் எந்தப் பக்கம் நின்றாள், மழை பெய்த நாளில் என்ன செய்தாள், என்ன பேசினாள், என்ன பேசினாள் என்று என் வயிறு பற்றி எரிந்தது. நான் கறியை மறந்தேன், மலையை மறந்தேன், முன்னூறு துண்டறிக்கையையும் மறந்தேன்.

குமுதினி திரும்பி வந்து, எங்கள் மேசையைப் பார்த்து, தீவின் மரியாதைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரிமாறியவர் ரொட்டிக் கூடையோடு வந்து பாதி வழியில் நின்றுவிட்டார். தனபாக்கியத்தின் தட்டிலிருந்து எழுந்த ஆவியில் அவள் முகமே தெரியவில்லை.

அந்த ஆவிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"கொஞ்சம் கொறைச்சு நினைங்க. நாக்கு சுடுது."